ஐந்தாவது நாற்காலி

சதுரங்கம் ஆடத் தெரிந்த ஒருவர் எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தாலும், அவ்வூர்ச் சதுரங்கக் கழகத்தில் முன்பின் அறியாத ஒருவருக்கு எதிரே அமர்ந்து, பெயர்கூடக் கேட்காமல் முதல் காயை நகர்த்திவிட முடியும். விதிகள் எங்கும் ஒன்றே என்பதால் அவருடைய திறமை அவரோடு கூடவே வந்துவிடுகிறது. மேசைப் பாத்திர ஆட்டத்தில் இது நடப்பதில்லை. இவ்வாட்டத்தில் நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் நடுவராக இருந்து கற்பனை உலகை விவரிக்க, மற்றவர் ஒவ்வொருவரும் அவ்வுலகில் வாழும் ஒரு மாந்தரை ஏற்று, அம்மாந்தர் என்ன செய்கிறார், என்ன பேசுகிறார் என்பதை வாய்மொழியாகவே சொல்லிச் செல்கின்றனர். செயலின் விளைவு ஐயத்துக்கு உரியதாக இருக்கும் இடத்தில் பகடை உருட்டப்படுகிறது. விதி நூல்கள் தடித்தவைதாம். ஆயினும் கேலிக்கு எவ்வளவு இடம், தோழரின் மாந்தரை ஏமாற்றலாமா, நடுவரின் தீர்ப்பை எவ்வளவு நேரம் மறுத்துப் பேசலாம், ஒருவரது மாந்தர் இறந்துபோனால் அன்றிரவு அவர் என்ன செய்வது என்பவற்றை எந்த நூலும் முழுமையாக வரையறுப்பதில்லை. ஒவ்வொரு குழுவும் பல ஆண்டுகள் ஆடி ஆடித் தனக்கெனச் செய்துகொள்ளும் வழக்காறுகள் இவை. ஆகவே பழகிய குழுவை இழந்தவர் எத்துணை அனுபவம் உடையவராயினும் புதிய மேசையில் புதியவரே ஆவார். அவர் மறக்க வேண்டியவை இருப்பதால், அனுபவமே இல்லாதவரைவிட அவருக்குத் தொல்லை மிகுதி என்றும் சொல்லலாம்.

இங்கு நினைவுகூரப்படும் ஆட்டக்காரர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது, 1983இல் வெளிவந்த சிவப்பு அட்டைப் பெட்டியின் வழியாக இவ்வாட்டத்துக்குள் நுழைந்தவர். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மூல ஆட்டத்தைத் தொடக்கநிலையினருக்காக ஃபிராங்க் மென்ட்சர் திருத்தி அமைத்த அப்பதிப்பு, ஆட்டம் தெரிந்த நண்பர் எவரும் இல்லாத சிறுவனும் நூலைப் படித்தபடியே தனியாக ஆடிக் கற்கும் வகையில் எழுதப்பட்டிருந்தது. கல்லூரிக் காலத்தில் சிகாகோவின் புறநகர் ஒன்றில் அமைந்த குழுவோடு அவர் இணைந்தார். அக்குழு திருமணங்களையும் வேலை மாற்றங்களையும் தாங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. விண்வெளிப் பயணிகளைப் பற்றிய டிராவலர் என்னும் 1977ஆம் ஆண்டு ஆட்டத்தை அவர்கள் பெரிதும் விரும்பினர். ஆட்டம் தொடங்கும் முன்பே, மாந்தரை உருவாக்கும் கட்டத்திலேயே, அவர் படைப்பணியில் உயிரிழந்துவிடக்கூடும் என்ற விதி உலகில் வேறு எந்த ஆட்டத்தின் ஆசிரியருக்கும் தோன்றியிருக்குமா என்பது ஐயமே. பிறகு ஒருவர் மேற்குக் கடற்கரைக்குச் சென்றார், ஒரு வீட்டில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன, நடுவராக இருந்தவருக்கு உடல்நலம் குன்றியது. கலைப்பது என்று எவரும் முடிவு செய்யவில்லை; அடுத்த அமர்வு தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் அதற்கு நாள் குறிப்பதும் நின்றுபோனது. 2014ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் வேலையின் பொருட்டு மினியாபொலிஸ் நகருக்குக் குடிபெயர்ந்த அவருக்கு அங்கே தெரிந்தவர் எவரும் இல்லை.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒன்றையொன்று ஒட்டி அமைந்த மினியாபொலிஸ், செயிண்ட் பால் ஆகிய இரட்டை நகர்களே இவ்வாட்டத்தின் பிறப்பிடம் என்பது இங்கே கருதத்தக்கது. அங்கே போர் விளையாட்டுக் குழுவொன்றைச் சேர்ந்த டேவிட் வெஸ்லி என்பவர் 1969இல் ஒரு சோதனை செய்தார். போர் விளையாட்டு என்பது சிறு பொம்மைப் படைகளை மேசைமேல் அணிவகுத்துப் பழைய போர்களை மீண்டும் நடத்திப் பார்ப்பது. வெஸ்லியோ நெப்போலியன் காலத்து ஜெர்மானியச் சிற்றூர் ஒன்றைக் கற்பனையில் அமைத்து, அதற்கு பிரவுன்ஸ்டைன் எனப் பெயரிட்டு, படைத்தலைவர்களோடு நகரத் தலைவர், வங்கி உரிமையாளர், பல்கலைக்கழக வேந்தர் போன்ற பொறுப்புகளையும் தனித்தனி ஆட்களுக்கு வழங்கினார். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்துவிட்டனர். அவர்கள் மூலைக்கு மூலை நின்று தமக்குள் பேரம் பேசவும் சதி செய்யவும் தொடங்க, மேசைமேல் போர் தொடங்கவே இல்லை. வெஸ்லி அதைத் தோல்வி எனக் கருதினார். வந்தவர்கள் இன்னொரு முறை வேண்டும் என்றனர். எந்தச் செயலையும் ஆட்டக்காரர் முயன்று பார்க்கலாம், நடுவர் அதன் விளைவைத் தீர்ப்பார் என்ற கொள்கையை அவர் சார்ல்ஸ் டாட்டன் என்னும் அமெரிக்கப் படை அதிகாரி 1880இல் எழுதிய ஸ்ட்ராட்டகோஸ் என்ற போர்ப் பயிற்சி நூலிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். வெஸ்லி படைப்பணிக்குச் சென்றபின் அதே குழுவின் டேவ் ஆர்னசன் இம்முறையை வளர்த்து, கோட்டையும் நகரும் நிலத்தடிச் சுரங்கங்களும் கொண்ட பிளாக்மூர் என்னும் கற்பனை நாட்டை 1971 முதல் நடத்தினார். அதை அவரிடம் ஆடிப் பார்த்த விஸ்கான்சின்காரரான கேரி கைகாக்ஸ் விதிகளாக எழுத, 1974இல் மூன்று மெல்லிய ஏடுகள் அடங்கிய பெட்டியாக டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியாயிற்று.

அந்த முதல் ஏட்டிலேயே, குழு தேடி அலைந்த எவரும் கவனிக்காமல் கடந்துவிடக்கூடிய குறிப்பொன்று உள்ளது. ஒரு தொடராட்டத்தில், அதாவது கேம்பெயின் எனப்படும், பல மாதங்கள் நீளும் ஒரே கதையோட்டத்தில், நான்கு பேர் முதல் ஐம்பது பேர்வரை பங்குபெறலாம் என்றும், நடுவர் ஒருவருக்கு ஆட்டக்காரர் இருபது பேர் என்ற விகிதம் ஏற்றது என்றும் அது கூறுகிறது. ஐம்பது பேர் ஒரே இரவில் ஒரு மேசையில் அமர்வர் என்பது இதன் பொருளன்று. ஒரு நடுவரின் உலகத்துக்குள் யார் யார் எந்த வாரம் வருகிறார்களோ அவர்கள் அன்று ஆடிச்செல்வர், உலகம் அவரிடம் தொடர்ந்து இருக்கும் என்பதே பொருள். அதற்கும் முன்னர், போர் விளையாட்டு நிறுவனமான அவலான் ஹில் 1964இல் தொடங்கிய ஜெனரல் என்னும் இதழில், எதிராளி தேவை என்ற தலைப்பில் வாசகர் விளம்பரங்கள் வெளிவந்தன. போர் விளையாட்டு ஆடுவோர் முகம் அறியாதவரை நாடிச் செல்வதை இயல்பாகவே கொண்டிருந்தனர். அப்படியிருக்க, ஐந்து நாற்காலிகளும் நிரம்பியபின் கதவை அடைத்துக்கொள்ளும் நிலையான சிறு குழு என்பது ஆட்டத்தின் இலக்கணம் அன்று. மாந்தரின் அகவாழ்வும் நீண்ட கதையும் மதிப்புப் பெற்றபோது மெல்ல வேரூன்றிய பழக்கம். அப்பழக்கம் ஆட்டத்துக்கு ஆழம் தந்தது உண்மை. வெளியில் நிற்பவருக்கு அது விதித்த விலையைப் பற்றி விதி நூல்கள் பேசுவது அரிது.

மினியாபொலிஸில் ஆட்டக்காரர் முதலில் சென்றது விளையாட்டுப் பொருள் கடையொன்றின் புதன்கிழமை மாலை அமர்வுக்கு. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு வெளிவந்திருந்ததால் கடையின் பின்புற அறை நிரம்பி வழிந்தது. அட்வென்சரர்ஸ் லீக் என அழைக்கப்படும் ஒழுங்கமைக்கப்பட்ட ஆட்டமுறை அங்கே பின்பற்றப்பட்டது: ஒருவர் தம் மாந்தர் ஈட்டிய பொன்னையும் மந்திரப் பொருளையும் பதிவுத்தாளில் குறித்துக்கொண்டு, வேறு ஊரிலுள்ள கடைக்குச் சென்றாலும் அதே மாந்தரை அங்கே அமர்த்தி ஆடலாம். சதுரங்கக் கழகத்தின் வசதியை இவ்வாட்டத்துக்கும் கொண்டுவரும் முயற்சி என இதைக் கருதலாம். அதற்கு ஈடாகக் கதை எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒரே தடத்தில் செல்ல வேண்டியிருந்தது. அரக்கர் கூட்டத்தோடு போரிடாமல் அவர்களுக்கு வழிவரி கொடுத்து நட்பாக்கிக்கொள்ளலாமே என்று ஆட்டக்காரர் கேட்டபோது, இளைஞரான நடுவர் அச்சிட்ட பக்கத்தை மேலும் கீழும் புரட்டிப் பார்த்து, அதற்கு இங்கே ஒன்றும் எழுதப்படவில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். அந்த இளைஞரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழு பேர் அமர்ந்த மேசையைக் கடை அடைக்கும் நேரத்துக்குள் முடித்தாக வேண்டிய பொறுப்பு அவருடையது.

அக்கடையின் அறிவிப்புப் பலகையில் ஆள் தேவை என்ற கைப்பட எழுதிய அட்டைகள் குத்தப்பட்டிருந்தன. ஆட்டத்தின் பெயர், கிழமை, வீடு இருக்கும் பகுதி, நாய் பூனை உண்டா என்பன எல்லாவற்றிலும் இருந்தன. எவ்வகை ஆட்டம் என்பது எதிலும் இல்லை. எழுதுவோருக்கே அது தெரியாது என்பதுதான் காரணம். 1980இல் டிஃபரன்ட் வேர்ல்ட்ஸ் என்னும் இதழில் கிளென் பிளாகோ எழுதிய கட்டுரை ஆட்டக்காரரின் நாட்டத்தை நான்காகப் பகுத்தது: மாந்தரின் இயல்பை உள்வாங்கி நடிப்பது, கதையை வளர்ப்பது, போர்த்தந்திரத்தில் மகிழ்வது, தம் மாந்தரின் ஆற்றலைப் பெருக்கிக்கொள்வது. மேசையில் அமர்ந்த நால்வரும் நான்கு நாட்டத்தினராக இருந்தால் எவருக்கும் நிறைவு கிட்டாது என்பதை ஒரே மாலையில் அறியலாம். ஆனால் அவர்களுள் எவரைத் தனியே கேட்டாலும், நல்ல ஆட்டமே தம் விருப்பம் என்றுதான் சொல்வார்.

அவ்வாறு ஓர் அட்டையைப் பின்பற்றி அவர் நாடிய வீட்டிலிருந்து, முதலில் காப்பிக் கடையில் சந்தித்துப் பேசியபின்பே அழைப்பு வந்தது. அந்நியரை வீட்டுக்குள் விடும் முன் செய்யும் இயல்பான எச்சரிக்கைதான் அது. என்றாலும் நாற்பதைக் கடந்த ஒருவர், எல்ஃப் என்னும் கற்பனை இனத்துள் தாம் எந்தக் குலத்தை விரும்புவார் என்பதை வேலைக்கான நேர்காணலின் கவனத்தோடு விளக்க நேர்வதில் உள்ள நகைச்சுவை அவருக்கு மறைந்திருக்கவில்லை. அவ்வீட்டு நடுவர் தம் கற்பனை நாட்டுக்கு ஆயிரம் ஆண்டு வரலாறு எழுதி வைத்திருந்தார். அரச மரபுகள், நாணய முறை, பஞ்சங்கள் எல்லாம் அதில் இருந்தன. உழைப்பு வியக்கத்தக்கது. ஆனால் ஆட்டக்காரர்களுக்கு எஞ்சியிருந்தது அவ்வரலாற்றை ஊர் ஊராகச் சென்று கேட்டறியும் வேலை மட்டுமே. நடுவர் சிறிது நேரம் எழுந்து சென்ற ஓர் இடைவேளையில் மேசையிலிருந்த மூவரும் தம் மாந்தர்களின் குரலிலேயே ஒருவரோடு ஒருவர் வழக்கிட்டுச் சிரித்தது, அவ்வீட்டில் நடந்த எல்லா அமர்வுகளுள்ளும் சிறந்த கால் மணி நேரமாக அவர் நினைவில் நிற்கிறது. பனிக்காலம் தொடங்கி, சாலைகள் உறைந்து அமர்வுகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டபோது, இரு தரப்பினருமே அதற்குப் பெரிதாக வருந்தவில்லை.

அடுத்துச் சேர்ந்த மேசை முற்றிலும் வேறானது. இருபதுகளில் இருந்த அவ்விளைஞர்கள், வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் 2010இல் வெளியிட்ட அபோகலிப்ஸ் வேர்ல்ட் வழிவந்த ஆட்டங்களை ஆடினர். இவற்றில் உலகத்தைப் படைக்கும் உரிமை நடுவரிடம் மட்டும் இருப்பதில்லை. கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஆட்டக்காரர் கேட்டால், நீங்கள் எதைக் கண்டு அஞ்சுகிறீர்கள் என்று நடுவர் திருப்பிக் கேட்கக்கூடும், சொல்லப்படும் விடையே அறைக்குள் இருப்பதாகிவிடும். நம்மவரோ வேறு பள்ளியில் பயின்றவர். 1975இல் ஓரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்காகக் கைகாக்ஸ் அமைத்து 1978இல் நூலாக வந்த டூம் ஆஃப் ஹாரர்ஸ் போன்ற கொடிய பொறிகள் நிறைந்த சுரங்கங்களில் உயிர் பிழைக்க, ஒவ்வோர் அடியையும் பத்தடி நீளக் கழியால் தட்டிப் பார்த்தபின் வைப்பது அக்கால ஆட்டக்காரரின் இரண்டாம் இயல்பாயிருந்தது. இளைஞர்களின் கதையில் பாழடைந்த பாலம் ஒன்று வந்தபோது, அவர் கழி, கயிறு, எடை ஆகியவற்றைப் பற்றிக் கேள்விகள் தொடுக்க, மற்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தனர். பாலம் விழுவதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. விழுந்தால்தான் கதை நடக்கும். இரண்டு முறைகளுக்கும் அவற்றின் அறிவு உண்டு. ஒன்றில் ஆபத்தைத் தவிர்ப்பவர் திறமையாளர், மற்றொன்றில் ஆபத்தை வரவேற்பவர் திறமையாளர். ஒரே பாலத்தின்மேல் இருவரும் சேர்ந்து நிற்பது கடினம்.

அம்மேசையின் நடுவில் எக்ஸ் எழுத்து வரையப்பட்ட அட்டை ஒன்று கிடந்தது. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் வகுத்த இம்முறையில், கதை தம்மால் தாங்கவியலாத இடத்துக்குச் செல்வதாக உணரும் எவரும் அவ்வட்டையைத் தொட்டால், காரணம் கேட்கப்படாமலே அப்பகுதி நீக்கப்படும். பழைய ஆட்டக்காரர் பலர் இதை எள்ளுவது உண்டு. தம் சிகாகோக் குழுவில் இத்தகைய அட்டை ஏன் தேவைப்படவில்லை என்று எண்ணிப் பார்த்தபோது அவருக்கு விடை எளிதாகக் கிடைத்தது: ஒருவரின் தங்கை நீரில் மூழ்கி இறந்ததும், இன்னொருவரின் தந்தை குடிப்பழக்கத்தால் அழிந்ததும் அங்கே எல்லோருக்கும் தெரியும், ஆகவே அக்கதைகளின் பக்கம் எவரும் செல்லவில்லை. இருபது ஆண்டுப் பழக்கம் தரும் அந்த அறிவை அந்நியர் ஐவர் முதல் மாலையிலேயே எப்படிப் பெறுவது? அட்டை அதற்கான தற்காலிக ஏற்பாடு, அவ்வளவே. பிற்காலத்தில் அவர் நடத்திய ஒவ்வொரு மேசையிலும் அது இடம்பெற்றது.

செயிண்ட் பால் பகுதியில், பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள் ஆடும் மேசை ஒன்றில் விருந்தினராக அமரும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. அத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பின் அங்கே அவரே வயதில் இளையவர். நடுவர் விதி நூலைத் திறக்கவே இல்லை. பகடையும் பெரும்பாலும் அவர் மறைப்புத் தட்டிக்குப் பின்னாலேயே உருண்டது. பாதிரியார் வேடமேற்ற ஒருவர் ஒரே ஓர் ஊரின் பெயரைச் சொல்ல, மேசை முழுதும் வெடித்துச் சிரித்தது. அந்த ஊரில் பல பத்தாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது என்ன என்பதை விளக்க ஒருவர் அன்போடு முயன்றார், விளக்கத்தின் நடுவே அவரும் சிரிக்கத் தொடங்கியதால் அது முடிவடையவில்லை. தாம் தேடியது இதுதான் என்பதும், இது தேடிப் பெறக்கூடியது அன்று என்பதும் அன்றே அவருக்கு ஒருசேர விளங்கின. மறுபடியும் வரச் சொன்னார்கள். அவர் நன்றி கூறினார், ஆனால் செல்லவில்லை.

மாறாக, 1974ஆம் ஆண்டு ஏட்டின் பழைய முறையை அவர் நாடினார். பொது நூலகம் ஒன்றின் கூட்ட அறையை மாதம் இருமுறை முன்பதிவு செய்து, யார் வந்தாலும் அன்று ஆடலாம், அடுத்த முறை வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று அறிவித்தார். வார இறுதிகளில் வேலை செய்வோர், முறைமாற்றுப் பணியினர், சிறு குழந்தைகளின் பெற்றோர் ஆகியோரை நிலையான குழுக்கள் ஏற்பதில்லை; இங்கே வந்தவர்களுள் பெரும்பாலோர் அத்தகையோரே. லவ்கிராஃப்ட்டின் திகில் கதைகளை அடிப்படையாகக் கொண்டு சாண்டி பீட்டர்சன் அமைத்து 1981இல் வெளியான கால் ஆஃப் கதுல்ஹு என்னும் ஆட்டத்தை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. பத்து முகப் பகடைகள் இரண்டை, ஒன்று பத்தாம் இடத்துக்கும் மற்றது ஒன்றாம் இடத்துக்கும் எனக் கொண்டு உருட்டி, வரும் எண் தம் மாந்தரின் திறமைக்கு ஒதுக்கப்பட்ட எண்ணுக்கு மேற்படாவிட்டால் வெற்றி. இதைப் புரிந்துகொண்டவர் உடனே ஆடத் தொடங்கலாம். மாந்தர்களும் வீரர்கள் அல்லர், 1920களின் நூலகர், செய்தியாளர், ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் போன்றோர்; கோரங்களைக் காணும்போது அவர்களது மனநிலை எண்கள் குறைந்துகொண்டே போகும், ஆதலால் வெல்வது பற்றிய கவலை எழுவதில்லை. நூலகம் இரவு எட்டு மணிக்கு அடைக்கப்படும் என்பதும் உதவியது. விதி நூலின் முந்தைய பதிப்புகளுடன் வந்த பாஸ்டன் நகரப் பேய்வீட்டுக் கதையை அவர் அங்கே திரும்பத் திரும்ப நடத்தியும், ஒரு குழு நுழைந்த சன்னல் வழியே இன்னொரு குழு நுழையவில்லை.

தொடர்ந்து வரத் தொடங்கியவர்களுள் மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் செவிலியர் ஒருவர் இருந்தார். ஓராண்டுக்குப் பின் அவர், தாமே கீப்பராக, அதாவது அவ்வாட்டத்தின் நடுவராக, அமர்ந்து பார்க்க விரும்புவதாகக் கூறினார். மருத்துவமனைக் கட்டடம் ஒன்றின் பயன்படுத்தப்படாத தளத்தைப் பற்றிய கதை அவரிடம் இருந்தது. அன்று ஆட்டக்காரர் ஓய்வுபெற்ற அஞ்சல்காரரின் தாளை நிரப்பிக்கொண்டு, மினியாபொலிஸ் வந்த நாள் முதல் தேடிய இடத்தில், ஐந்தாவது நாற்காலியில், வெறும் ஆட்டக்காரராக அமர்ந்தார். பூட்டிய கதவைத் திறக்க அவர் உருட்டிய இரு பகடைகளிலும் சுழியங்களே விழுந்தன. விதிப்படி அது நூறு எனக் கொள்ளப்பட வேண்டிய, யாருக்கும் வரக்கூடாத மிக மோசமான எண். செவிலியரோ அதைச் சுழியம் எனவே படித்து, இதைவிடச் சிறந்த எண் இருக்க முடியாது என்று அறிவித்து, பூட்டு ஓசையின்றித் திறந்துகொண்டதாகச் சொல்லி, உள்ளே படுக்கைகளின் வரிசையை விவரிக்கத் தொடங்கிவிட்டார். மேசையில் விதி அறிந்தவர் ஒருவரே இருந்தார். அவர் அஞ்சல்காரரின் கைவிளக்கை ஏற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அந்நூலக அறையில் இரட்டைச் சுழியம் இன்றும் வெற்றியாகவே கொள்ளப்படுகிறது.